முத்திரை குத்திய டயப்பர்

சலவைக்கூடத்தில் அவளுக்குக் கோட்டான் என்று பெயர். முழுப் பட்டம் ஊமைக்கோட்டான். வாயைத் திறக்காமல், வட்டக் கண்ணால் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நிற்பாள் என்பதால் வந்தது. பட்டம் வைத்தவள் அந்த மாதமே வேலையை விட்டுப் போய்விட்டாள், பட்டம் தங்கிவிட்டது. கோட்டானுக்கு அதில் வருத்தமில்லை. பேசுகிறவர்கள் பேசிப் பேசி எந்தக் கோட்டையைப் பிடித்தார்கள் என்று அவளும் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள்.

பள்ளிக்கூடத்திலேயே அப்படித்தான். விடை தெரியும், எழுந்து நின்றால் வாய் வராது. மண்டையில் களிமண் என்று தீர்மானித்து டீச்சர் அவளைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பினார். அம்மா படுத்த படுக்கையானபோது தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள அவள் நின்றுவிட்டாள். ஏன் வரவில்லை என்று கேட்க ஒரு ஈ காக்கைகூட வரவில்லை.

சலவைக்கூடம் அவளுக்குப் பொருந்திய இடம். பெரிய ஹோட்டல்களின் விரிப்புகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். துவைத்துப் பிழிந்த விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கொரு முனை பிடித்துச் சூடான உருளைக்குள் விட வேண்டும். அந்தப் பக்கம் நிற்கும் இரண்டு பேர் வாங்கி மடிக்க வேண்டும். உருளை போடுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவள் கத்தினாலும் காதில் விழாது. அதனால் பேசாமல் இருப்பது அங்கே குற்றமில்லை. பெரிய மனிதர்களும் படுக்கையில் மூத்திரம் போவார்கள் என்பதைக் கோட்டான் அங்கேதான் கற்றாள். அதற்காக அவர்களை யாரும் உட்கார வைத்து விசாரிப்பதில்லை என்பதையும்.

கல்யாணமும் ஆயிற்று. புருஷன் லாரி ஓட்டினான். விருந்தாளி மாதிரி வருவான், தூங்குவான், போவான். அவன் இல்லாத குறை தெரியாதபடி அவனுடைய தங்கை அதே ஒற்றை அறையில் இருந்தாள். மருந்துக் கடையில் வேலை. கோட்டான் பேசாமல் மிச்சம் பிடித்த வார்த்தைகளையெல்லாம் நாத்தனார் செலவழித்தாள். பிறகு ஒரு பெண் குழந்தை பிறந்தது. கன்னம், கை, கால் எங்கே தொட்டாலும் உருண்டை, அதுவே பேராகிவிட்டது.

உருண்டையைப் பகலில் விட்டுப்போக வார்டு அலுவலக வளாகத்தில் ஒரு காப்பகம் இருந்தது. குமாஸ்தா வீட்டுக் குழந்தையும் அங்கேதான், குப்பை அள்ளுகிறவள் குழந்தையும் அங்கேதான். அங்கே ஒரு சட்டம். குழந்தையைக் கொண்டுவரும்போது அன்றைக்குத் தேவையான டயப்பரையும் கொண்டுவர வேண்டும். துணி கட்டிக்கொண்டு வந்தால் வாசலோடு சரி. துவைத்துப் போட ஆள் இல்லையாம். டயப்பர் இல்லாமல் வந்தால் குழந்தை திரும்பிப் போகும். அடிக்கடி திரும்பிப் போனால் இடமே போகும். அந்த இடத்துக்கு வெளியே ஒரு வரிசை காத்திருந்தது. இங்கே இடம் போனால் சலவைக்கூடத்தில் வேலை போகும். அங்கேயும் ஒரு வரிசை காத்திருந்தது.

ஆக, கோட்டானின் சோறு ஒரு குழந்தையின் இடுப்பில் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது.

அவளும் என்னென்னவோ செய்து பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் உருண்டையை வெறும் உடம்போடு விட்டாள், பாய் நாறியது. லேசாக மட்டும் நனைந்த டயப்பரைச் சலவைக்கூடத்துச் சூட்டுக் குழாயின்மேல் காயவைத்து மறுபடியும் கட்டினாள். ஒருநாள் மேஸ்திரியம்மா அதைப் பார்த்துவிட்டாள்.

"என்னடி இது, குழாய்மேல?"

கோட்டான் அடுத்த விரிப்பை எடுத்தாள்.

"ஹோட்டல்காரன் துணியில வாடை அடிச்சா என் தலைதான் உருளும். எடு மொதல்ல!"

எடுத்தாள். உருண்டைக்கு அன்றைக்கே தொடையிடுக்கில் சிவந்திருந்தது. அதற்குப் பிறகு காயவைக்கவில்லை. தன் மதியச் சாப்பாட்டைத்தான் குறைத்துக்கொண்டாள்.

இந்த நேரத்தில்தான் அரசாங்கத்துக்குத் திடீரென்று ஏழைக் குழந்தைகளின் பிட்டம் கண்ணில் பட்டது. இல்லாதவர்களுக்கு டயப்பர் இலவசம் என்று வார்டு அலுவலகச் சுவரில் ஒட்டினார்கள். மேடை போட்டார்கள். மேடையில் ஒரு குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு போட்டோ எடுத்தார்கள். அது அழுததும் இறக்கிவிட்டு அழாத ஒன்றைத் தூக்கினார்கள். திட்டத்துக்குப் பொறுப்பான நல அதிகாரியம்மா அரை மணி நேரம் பேசினாள். அதில் கால் மணி நேரம், வாங்கிக்கொண்டு போய்க் கடையில் விற்றுவிடாதீர்கள் என்பது.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். இங்கே கொடுக்கிறவர்கள் வாங்குகிறவர்களின் பல்லைப் பிடித்துப் பார்த்தார்கள். ஒவ்வொருத்தியாக உள்ளே போய் அதிகாரியம்மாவுக்கு எதிரே நிற்க வேண்டும். நாத்தனார் துணைக்கு வந்தாள். வராவிட்டால் கோட்டான் அங்கேயே சிலையாகி நின்றிருப்பாள்.

"வேலைக்குப் போறே இல்ல? அப்புறம் என்ன கஷ்டம்?" என்று கேட்டாள் அதிகாரியம்மா.

முன்னால் நின்றவளிடம், "ஏன் வேலைக்குப் போகக்கூடாது?" என்று கேட்டதும் இதே வாய்தான்.

"சம்பளம் வாடகைக்கே சரியாப் போயிடுதும்மா," என்றாள் நாத்தனார்.

"எங்க காலத்துல டயப்பரா இருந்துச்சு? பழைய துணியக் கிழிச்சுக் கட்டினோம். நாங்க வளரலையா?"

"நல்லாவே வளர்ந்திருக்கீங்கம்மா. ஆனா துணி கட்டினா காப்பகத்துல சேக்க மாட்டேங்கறாங்களே. உங்க சட்டம்தான்."

"சட்டம்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும்."

"அந்தக் காரணத்தையே இடுப்புல கட்டிவிட முடியுமான்னுதான் நாங்களும் பாக்கறோம்."

கோட்டான் நாத்தனாரின் முழங்கையைக் கிள்ளினாள். பொட்டலம் கைக்கு வந்தது.

வாசலுக்கு வந்து பிரித்தபோதுதான் தெரிந்தது. பொட்டலம் ஏற்கெனவே பிரித்திருந்தது. உள்ளே ஒவ்வொரு டயப்பரின்மேலும் வட்டமாக, ஊதா நிறத்தில், அலுவலக முத்திரை. விற்க முடியாமல் இருப்பதற்காம். அதற்கென்றே ஒரு குமாஸ்தாவை உட்கார வைத்திருந்தார்கள். காலையிலிருந்து மாலைவரை அவன் டயப்பரை எடுப்பான், குத்துவான், வைப்பான். பத்து விரலும் ஊதா. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோதுகூட அந்த விரல்களோடுதான் போனானாம்.

முத்திரையோடு காப்பக வாசலில் போய் நிற்பதற்கு ஒருத்திக்கும் மனசில்லை. பக்கத்தில் கடை டயப்பரோடு நிற்கிறவள் பார்ப்பாள்; பார்த்துவிட்டுப் பாவப்படுவாள். அந்தப் பாவத்தைவிட அடியே மேல். அதனால் எல்லாப் பெண்களும் வீட்டிலேயே ஈரத்துணியால் துடைத்தார்கள். மேலே பிளாஸ்டிக் பூச்சு. ஒரே துடைப்பில் முத்திரை போய்விட்டது. அலுவலகத்தின் அதிகாரம் அவ்வளவுதான் தாங்கியது.

ஒரு மாதம் கழித்து குமாஸ்தா காப்பகத்து அலமாரியைச் சோதனை போட்டான். முத்திரையுள்ள டயப்பர் ஒன்றைக்கூடக் காணவில்லை. ஓடிப்போய் அதிகாரியம்மாவிடம் சொன்னான்.

"பாத்தியா! எல்லாத்தையும் வித்துட்டாங்க! நான் அப்பவே சொல்லல?" என்றாளாம் அவள். தான் நினைத்தது நடந்துவிட்ட சந்தோஷம் முகத்தில் வழிந்தது என்று குமாஸ்தாவே பிறகு நாத்தனாரிடம் தலைவலி மாத்திரை வாங்க வந்தபோது சொன்னான்.

துடைத்திருப்பார்கள் என்று அந்த அலுவலகத்தில் யாருக்கும் தோன்றவில்லை. அப்படியே தோன்றியிருந்தாலும், விற்பதற்காகத்தான் துடைத்தார்கள் என்று முடித்திருப்பார்கள். ஒருத்தி விற்றாள்தான். அந்த வாரம் அவள் வீட்டில் பால் இல்லை. மூத்திரத்தை ஏந்துவதற்கு முன்னால் மூத்திரம் வருவதற்கு உள்ளே ஏதாவது போக வேண்டுமே.

அடுத்த முறை பொட்டலம் வந்தபோது மேலே முத்திரை இல்லை. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிரித்துப் பார்த்தால் உள்ளே இருந்தது. தோலைத் தொடுகிற பஞ்சுப் பக்கத்தில், நட்ட நடுவில், முன்னைவிடப் பெரிதாக. பஞ்சில் மை நன்றாக ஊறியிருந்தது, துடைக்க முடியாது. அவ்வளவு மூளையையும் செலவழித்து யோசித்தவர்கள், அந்தப் பஞ்சு எதற்காக இருக்கிறது என்பதை மட்டும் யோசிக்காமல் விட்டுவிட்டார்கள்.

உருண்டை அன்று ராத்திரியே யோசிக்க வைத்தாள். கோட்டான் காலையில் அவிழ்த்தபோது குழந்தையின் பிட்டத்தில் ஊதாவாக ஒரு வட்டம் பதிந்திருந்தது.

"அண்ணி, அரசாங்கம் நம்ம புள்ளைய ரிஜிஸ்டர் பண்ணிடுச்சு," என்று நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

கோட்டானும் சிரித்தாள். சோப்புப் போட்டுத் தேய்த்தாள். வட்டம் வெளிறியதே தவிரப் போகவில்லை. தெருவில் இன்னும் பல வீடுகளில் அதே வட்டம், அதே தேய்ப்பு. குழாயடியில் எல்லோரும் மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். போய்ச் சொல்லலாமா என்று ஒருத்தி கேட்டாள். சொன்னால் பொட்டலத்தை நிறுத்திவிடுவார்கள் என்றாள் இன்னொருத்தி. அதோடு எல்லோரும் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள்.

காப்பகத்தில் இதை முதலில் கண்டது ஆயா, அன்று காலையில் குழந்தையை வாங்கி டயப்பரைப் பார்த்தபோது. கண்டது உருண்டையிடம். பொறுப்பாளர் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். அந்த அம்மா ஒரு குழந்தைக்கும் டயப்பர் மாற்றியதில்லை. ஒரு கைக்குட்டையை மூக்கில் வைத்தபடி தூரத்திலிருந்தே பார்த்தாள். வட்டம். ஓரம் சிவந்திருக்கிறது. முடிவு சொல்ல அவளுக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை.

"படர்தாமரை! தொத்திக்கும். ஏம்மா, இதோட எப்படிக் கொண்டுவந்து விட்டே? எடுத்துட்டுப் போ. முழுசா ஆறினப்புறம் வா. அதுக்குள்ள இடம் இருந்தாப் பாக்கலாம்."

விடை தெரியும், ஆனால் இப்போதும் கோட்டானுக்கு வாய் வரவில்லை.  குழந்தையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். அன்றைக்கு நாத்தனார் கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு உருண்டையை வைத்துக்கொண்டாள். மறுநாளும் விடுப்புக் கேட்டால் கடைக்காரர் இனிமேல் வீட்டையே பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடுவார். சலவைக்கூடத்தில் மேஸ்திரியம்மா வேறு, "நாளைக்கு வருவியா மாட்டியான்னு இன்னைக்கே சொல்லிடு. ஆள் நிக்குது," என்று சொல்லியிருந்தாள்.

"முத்திரைன்னு சொல்லிட்டு வர வேண்டியதுதானே அண்ணி?" என்றாள் நாத்தனார் ராத்திரி.

"சொன்னா டயப்பர நிறுத்திடுவாங்க."

"சொல்லலன்னா புள்ளைய நிறுத்திட்டாங்களே!"

அதுதான் கணக்கு. டயப்பர் போனால் காப்பகம் போகும். காப்பகம் போனால் வேலை போகும். சொன்னாலும் போகும், சொல்லாவிட்டாலும் போகும். அவளைப் பாம்பென்று அடிக்கவும் விடாமல் பழுதென்று தாண்டவும் விடாமல் நடுவில் நிறுத்தியிருந்தார்கள், அதுவும் உதவி என்ற பெயரில்.

விடிந்ததும் உருண்டையைத் தூக்கிக்கொண்டு காப்பகத்துக்கே போனாள். என்ன செய்யப்போகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கூட நாத்தனார்.

வளாகத்தில் கூட்டம். முந்தின நாள் சாயங்காலத்துக்குள் பாதிக் குழந்தைகளுக்கு வட்டம் வந்திருந்தது. வட்டம் வந்த குழந்தைகளில் ஒன்று அதிகாரியம்மாவின் பேத்தி, அவளையும் பகலில் அங்கேதான் விட்டிருந்தார்கள். மருமகள் குழந்தையைத் துண்டில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு கண்ணைக் கசக்கினாள். அதிகாரியம்மா காப்பகத்துப் படியில் நின்றாள். அவளுக்குப் பின்னால் குமாஸ்தா, கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு. மருந்து தெளிக்கிற ஆள் ஒருவன் டப்பாவோடு தயாராக நின்றான்.

"முதல்ல எந்தக் குழந்தைக்கு வந்துச்சு?" என்றாள் அதிகாரியம்மா.

பொறுப்பாளர் அம்மா கோட்டானைக் காட்டினாள். குழாயடிப் பெண்கள் அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். அத்தனை பேருக்கும் தெரியும். அத்தனை பேரும் தரையில் எதையோ தொலைத்தவர்கள் மாதிரி குனிந்துகொண்டார்கள். அவர்களைக் கோட்டான் ஒருமுறை முழுசாகப் பார்த்தாள். நேற்று குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தவர்களில் தானும் ஒருத்தி என்பதும் அவளுக்கு மறக்கவில்லை.

"வீட்டைச் சுத்தமா வெச்சுக்கத் துப்பில்லை. நாங்க வாரி வாரிக் கொடுத்து என்ன பிரயோஜனம்? இனிமே உதவி வாங்கற வீட்டுக் குழந்தைங்களத் தனியா வெக்கணும். இந்தக் குழந்தைய மொத்தமா எடுத்துடுங்க," என்றாள் அதிகாரியம்மா பொறுப்பாளரிடம். "அந்த இடத்துக்கு அடுத்த ஆளக் கூப்பிடுங்க."

நாத்தனார் வாயைத் திறந்தாள். கோட்டான் அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். நாத்தனார் பேசினால் சண்டை என்று நினைப்பார்கள். அவள் எப்போதும் பேசுகிறவள்.

"அம்மா," என்றாள் கோட்டான்.

குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. சலவைக்கூடத்துச் சத்தத்தில் பழகியதால் எவ்வளவு உரக்கப் பேச வேண்டும் என்று தெரியாமல் கொஞ்சம் கத்திவிட்டாள். வளாகமே திரும்பியது.

"என் பொண்ணுக்கு வந்ததும் உங்க பேத்திக்கு வந்ததும் ஒண்ணுதாம்மா. நோய் இல்ல. உங்க ஆபீஸ் முத்திரை."

 மருந்து தெளிக்கிறவன்தான் முதலில் இருமினான். இருமல் சிரிப்பாக மாறியது. எல்லோருடைய கண்ணும் குமாஸ்தாவின் பக்கம் போயிற்று. அவன் கையை இன்னும் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"என்ன உளர்றே?" என்றாள் அதிகாரியம்மா. "முத்திரை எப்படி என் பேத்திக்கு வரும்? நாங்க கடையில வாங்கறோம்! ஒசந்தது!"

ஆயா நடுவில் வந்தாள். அவளுக்கு யார் மேலும் பயமில்லை; ஓய்வு பெறப் போகிறவள்.

"அலமாரியில போட்டா எல்லாம் ஒண்ணுதாம்மா. சின்னது ஒரு தட்டு, நடு சைஸ் ஒரு தட்டு, பெருசு ஒரு தட்டு. கைக்கு வர்றத எடுத்து மாட்டுவோம். இத்தனை புள்ளைங்களுக்குத் தனித்தனியாத் தேடிட்டு இருந்தா, தேடறதுக்குள்ள அதுங்க அடுத்ததும் போயிடும்."

"உள்ள முத்திரை இருந்துச்சா?"

"இருந்துச்சு. கம்பெனி மார்க்குன்னு நெனச்சோம்."

மருமகள் துண்டை விலக்கிக் குழந்தையைத் திருப்பிப் பார்த்தாள். கிட்டத்தில் போய்ப் பார்த்தவர்களுக்கு எழுத்துகூட இடம் வலமாகத் தெரிந்தது. இந்த இடத்தில் ஒரு சாதாரண மனுஷி வெட்கப்பட்டிருப்பாள், அல்லது சிரித்திருப்பாள். அதிகாரியம்மாவுக்கு வேறொரு வேதனை வந்தது.

"அப்ப நாங்க வாங்கிக் கொடுத்தது யாருக்குப் போச்சு?"

"யாருக்கோ," என்றாள் ஆயா. "எந்த மூத்திரத்துல பேர் எழுதியிருக்கு?"

நாத்தனாரால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. அவள் சிரித்த சிரிப்பில் தரையில் தேடிக்கொண்டிருந்த பெண்களும் நிமிர்ந்தார்கள். தொலைந்தது கிடைத்துவிட்டது போல ஒவ்வொருத்தியாக, "ஆமாம்மா, எங்க புள்ளைக்கும் அதேதான்," "நான் அப்பவே சொன்னேன்," என்று ஆரம்பித்தார்கள். யாரிடம் அப்போதே சொன்னாள் என்று கோட்டான் கேட்கவில்லை.

அதிகாரிகள் தோற்பதில்லை, சுற்றறிக்கை அனுப்புவார்கள். குமாஸ்தா மட்டமான மையை உபயோகித்துவிட்டான் என்று முடிவாயிற்று. அவனை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். விரல் வெளுத்துக் கல்யாணமும் கூடிவந்தது. டயப்பரில் முத்திரை குத்துவது நின்றது. கோட்டான் பயந்தபடி உதவி நிற்கவில்லை. போட்டோ எல்லாம் மேலிடத்துக்குப் போயிருந்ததால் நிறுத்தவும் முடியவில்லை. ஆனால் பெண்களின் கையில் கொடுப்பதில்லை என்று புதுச் சட்டம் வந்தது. பொட்டலங்கள் வார்டு அலுவலகத்திலிருந்து நேராகக் காப்பகத்துக்கே போகும். அங்கே இரண்டாவதாக ஓர் அலமாரி வாங்கிப் போட்டார்கள், பூட்டோடு. ஒன்று விலை கொடுத்து வாங்குகிறவர்களுடையது. இன்னொன்று மற்றதுகளுடையது. மேடையில் இதற்குப் புது முறை என்று பேர் சொல்லிக் கை தட்டினார்கள்.

உருண்டையின் இடம் தப்பியது. கோட்டானுக்கு வேண்டியிருந்தது அதுதான். இப்போது காலையில் வெறுங்கையோடு வந்து குழந்தையைக் கொடுத்துவிட்டு நேராக உருளைக்குப் போகிறாள். மதியம் முழுசாகச் சாப்பிடுகிறாள். சலவைக்கூடத்துக்குக் கதை எட்டியபோது, "ஏண்டி கோட்டான், ஆபீசர்கிட்டயே கத்தினியாமே?" என்று மேஸ்திரியம்மா உருளைச் சத்தத்துக்கு மேல் கேட்டாள். கோட்டான் விரிப்பின் முனையை நீட்டிவிட்டுச் சும்மா நின்றாள். சொல்வதைச் சொல்லியாயிற்று, இன்னொரு தடவை சொல்ல அவள் என்ன நாத்தனாரா?

வீட்டுக்கு மட்டும் ஒன்றும் வருவதில்லை. ராத்திரிக்கும் விடுமுறைக்கும் பொட்டலம் கேட்டு நாத்தனார் ஒருநாள் வார்டு அலுவலகத்துக்குப் போனாள். வீட்டுக்குக் கொடுத்தால் விற்றுவிடுவீர்கள் என்று அதிகாரியம்மா முகத்தைப் பார்க்காமலேயே சொல்லிவிட்டாளாம்.

"அப்ப ஞாயித்துக்கிழமை புள்ள என்ன பண்ணும்னு கேட்டேன் அண்ணி."

"என்ன சொன்னா?"

"பழக்கிவிடுங்கன்னா."

கோட்டான் பாயைச் சுருட்டி வெயிலில் போட எடுத்துக்கொண்டிருந்தாள். பாயின் ஈரம் அவள் தோளில் பட்டது. உருண்டை வெறும் உடம்போடு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வட்டம் எப்போதோ மறைந்துவிட்டது. தொடையிடுக்கில் சிவப்பும் இல்லை. நின்ற இடத்திலேயே, அம்மாவைப் பார்த்தபடி, காலை அகட்டி மறுபடியும் மூத்திரம் போனாள்.

"போடி, நீயாவது அவங்க சட்டத்துக்கு அடங்காமப் போ," என்றாள் கோட்டான்.